கூட வர்றவங்கதான் முதல் கேஸ்

குடிநோய், மனநோய் இருக்கிற குடும்பங்களோட வேலை செய்யணும்னு எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லணும். உங்க அறைக்கு முதல்ல வரப்போறது பெரும்பாலும் குடிக்கிறவர் இல்லை, அவரோட மனைவி. இல்லைன்னா அம்மா. "அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா, பாக்கலாம்"னு அனுப்பி வச்சா அவங்க திரும்ப வர மாட்டாங்க. கூட்டிட்டு வர முடிஞ்சிருந்தா தனியா எதுக்கு வந்து உட்காரப் போறாங்க?

முதல் ஒரு மணி நேரம் அறிவுரையே வேண்டாம், கேளுங்க. கடைசியா எப்போ குடிச்சார், காலையில எழுந்ததும் வேணுமா, நிறுத்தினப்போ வலிப்பு வந்திருக்கா. வீட்டுல அடி விழுதா, கழுத்தை நெரிச்சிருக்காரா (இதுக்கு "ஆமா"ன்னா மத்ததெல்லாம் அப்புறம், பாதுகாப்புக்கு வழி பண்ணுங்க, பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுங்க). நகை எங்கே இருக்கு, குழுக்கடன் எவ்வளவு, பிள்ளைங்க எங்கே தூங்குறாங்க. கடைசியா, சாகணும்னு உங்களுக்குத் தோணுதாம்மா? கேட்டா அந்த எண்ணத்தை நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, ஆகாது. பல பேருக்கு அந்தக் கேள்வியிலதான் அழுகையே வரும்.

அடுத்து அவங்க கேக்கப்போறது, "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்க மாத்திரை இருக்காமே?" பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் இந்த விளம்பரம்தான். சுவத்துல விக்கிற பொடிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. குடியை விட டாக்டர்கள் எழுதுற டைசல்ஃபிரம் மாத்திரை என்ன செய்யும்னு நல்லாவே தெரியும். அது இருக்கிற உடம்புல சாராயம் போனா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் இருந்தா உயிருக்கே ஆபத்து. கடைசியா குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆன பிறகு, கல்லீரலைப் பார்த்து, அவரே சம்மதிச்சுப் போட வேண்டிய மாத்திரை. மாத்திரையை நிறுத்தின பிறகும் குடிச்சா இரண்டு வாரம் வரைக்கும் எதிர்வினை வரலாம். ரசத்துல கலந்தா எந்த நாள் எவ்வளவு உள்ளே போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதோட, மனைவி மேல ஏற்கெனவே சந்தேகப்படுற ஆள்னு வைங்க. "சோத்துல விஷம் வைக்கிறா"ங்கிறான்; இங்கே நிஜமாவே ஏதோ கலந்திருக்கு. ஒரு நாள் அந்தத் துண்டு மாத்திரை அவன் கையில சிக்கினா அதுக்கப்புறம் எந்த மருந்தும், யார் கொடுத்தாலும் இறங்காது.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல், கார்த்திகை மாசம். மாலை போட்ட அன்னைக்கே குடியை அடியோட நிறுத்திடுவார். வீடே சந்தோஷப்படும். தினமும் நிறையக் குடிச்ச உடம்புக்கு 6 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். இரண்டு மூணு நாள்ல உடம்பு நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவத்துல பூச்சி ஊருதும்பார். அதைப் பேய்னு எங்கேயோ கூட்டிட்டுப் போய், நேரம் வீணாப் போகும். பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கலாம். குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறது நம்ம வேலை. நிறுத்துறது நல்லதுதான், ஆனா டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்தச் சொல்லுங்க.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கிற வீட்டுல கதை வேற. அங்கே அம்மா நாள் முழுக்க மகனோட ஒரே அறையில இருப்பாங்க. "எப்பப் பாரு படுத்துக்கிட்டு, சோம்பேறி"ன்னு விழும். அது சோம்பல் இல்லை, நோயோட குணம். 1976-ல லண்டன்ல வான், லெஃப்னு இரண்டு ஆய்வாளர்கள் செஞ்ச ஆய்வு சொல்றது இதுதான்: குத்தம் சொல்ற, இல்லைன்னா அளவுக்கு மீறிப் பதறுற உறவோட வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல முகம் பார்த்து இருந்தா நோய் திரும்புறது அதிகம். அம்மாவைத் திட்டச் சொல்லி இதைச் சொல்லலை. அவங்களை சாயங்காலம் கோயிலுக்கோ வேலைக்கோ அனுப்புங்க. மகனுக்கு "அஞ்சு மணிக்கு பால் வாங்கிட்டு வா"ன்னு ஒரே ஒரு வேலை போதும்.

"வேனை அனுப்புங்க, தூக்கிட்டுப் போயிடுங்க"ன்னும் கேப்பாங்க. முடியாதுன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. நோயாளி சம்மதிக்காதப்போ மருத்துவமனையில சேர்க்கிறதுக்கான 2017 மனநலச் சட்டம் பிரிவு 89-ஐ விளக்குங்க: நோயாளிக்கான பிரதிநிதியோட விண்ணப்பம், இரண்டு பேர் தனித்தனியா பரிசோதிச்சு ஒத்துக்கணும், அதுல ஒருத்தர் மனநல மருத்துவர், முதல் கட்டம் 30 நாள் வரைக்கும்தான். போதையால வர்ற மனநிலைகளும் இந்தச் சட்டத்துக்குள்ள வரும்.

இந்தச் சட்டப்படி உளநல சமூகப் பணியாளர்னா எம்.எஸ்.டபிள்யூ மட்டும் போதாது, அந்தத் துறையில எம்.ஃபில்லும் வேணும். சம்பளம் அந்தப் படிப்புக்கு ஏத்ததா இல்லைங்கிறதும் உண்மை. நிறைய சென்டர்கள்ல குடும்ப ஆலோசனைன்னா டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில் கட்டுற வரிசையில அரை மணி நேரம். 1980-ல சாந்தி ரங்கநாதன் சென்னையில குடிநோய் சிகிச்சை மையம் தொடங்கினது கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு. குடும்பத்துல இருந்தே பிறந்த துறையில குடும்பம் கடைசி வரிசையில நிக்குது.

அவர் வராட்டியும் அவங்களுக்கு அடுத்த தேதி போட்டுக் கொடுங்க. ராத்திரி அவசரத்துக்கு மனநல உதவி எண் 14416-ஐ எழுதிக் கொடுங்க. நீங்க போன் பண்றதா இருந்தா, அவர் பக்கத்துல இல்லாத நேரம் எதுன்னு முதல்லயே கேட்டு கேஸ் ஷீட் ஓரத்துல குறிச்சு வச்சுக்கோங்க.