காத்திருக்கச் சொல்கிறவர்களே, கொஞ்சம் நேரத்துக்கு வாருங்கள்

போன மாதம் எங்கள் பள்ளி ஆண்டு விழா. சிறப்புப் பேச்சாளர் பத்து மணிக்கு வருவார் என்று சொல்லி ஒன்பதரைக்கே பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்துவிட்டோம். பந்தல் முன்பாதிக்கு மட்டும்தான். ஏழாம் வகுப்பு, அதாவது என் வகுப்பு, வெயிலில். மனிதர் வந்து சேர்ந்தது பதினொன்றே முக்காலுக்கு. வந்தவர் பேசிய தலைப்பு 'பொறுமையும் சுயக்கட்டுப்பாடும்'. சத்தியமாக.

பேச்சின் நடுநாயகம் அந்த மார்ஷ்மெல்லோ கதை. உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் பத்து முறை வந்திருக்கும். குழந்தை முன்னால் பஞ்சு மாதிரி ஒரு மிட்டாயை வைத்து, இப்போதே தின்றால் இதோடு சரி, நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த குழந்தைகள் எல்லாம் வாழ்க்கையில் ஜெயித்தார்களாம், தின்றவர்கள் எல்லாம் தோற்றார்களாம். மைக்கில் இதை அவர் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், பாத்ரூம் போகட்டா?" என்றான். "இதோ முடிஞ்சிரும், கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணிக்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தச் சோதனை பொய்யில்லை. 1960-களின் கடைசியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் ஆரம்பித்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அவருடைய மகள்களும் அங்கேதான் படித்தார்கள். 1990-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில், அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் கல்லூரி நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியதாக வந்ததும் அது உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 2018-ல் வேறு ஆய்வாளர்கள் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகத்தான் தெரிந்தது. குடும்பத்தின் வருமானம், தாயின் படிப்பு, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இதை எந்தப் பேச்சாளரும் சொல்லமாட்டார். கைதட்டு விழாது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை, என் பையனுக்காக.

விழா வீடியோவைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் அன்று சாயங்காலமே என் ஆறு வயசுக்காரனை உட்கார வைத்து ஒரு சாக்லேட்டை முன்னால் வைத்தாள். அஞ்சு நிமிஷம் பொறுத்தால் இன்னொன்று. போனில் வீடியோ வேறு. அவள் அடுக்களைக்குள் திரும்புவதற்குள் பயல் உறையைப் பிரித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் ஒரு பெரியவர். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. ராத்திரி படுக்கும்போது கேட்டேன், ஏன்டா தங்கம், அஞ்சு நிமிஷம்தானே? அவன் யோசிக்கவே இல்லை. "அத்தை மறந்துருவாங்கம்மா. நீயும் சைக்கிள் மறந்துட்டேல்ல."

சைக்கிள். பொங்கலுக்கு வாங்கித் தருவதாகச் சொன்னது. அப்புறம் சித்திரைக்கு, அப்புறம் அப்பாவுக்கு அரியர்ஸ் வந்ததும், அப்புறம் 'பார்க்கலாம்'. எங்கள் ஊர் மளிகைக் கடையில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து யாரும் மறுநாள் போய்க் கடன் கேட்பதில்லை, விஷயம் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம் போர்டு எப்போதோ தெரிந்துவிட்டது.

இதே சந்தேகம் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளருக்கும் வந்திருக்கிறது. வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் வேலை செய்த அனுபவம் அவருக்கு உண்டு. அங்கே ஒரு குழந்தை கையில் கிடைத்ததை இன்னொரு குழந்தை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைகள் மிட்டாயைப் பார்த்ததும் தின்றுவிடுவார்கள், அதில் என்ன தவறு என்று அவருக்குத் தோன்றியது. 2013-ல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வில் 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் படம் வரையக் கொடுத்து, கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லையாம் என்றார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாண்டியவர்கள் முதல் குழுவில் 14-க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒரு குழந்தை. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை ஏமாற்றினதுக்கே இந்த வித்தியாசம் என்றால், பொங்கலிலிருந்து ஏமாற்றும் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு என் பையனுக்குப் பொறுமை இல்லை என்று சொல்வது?

இன்னொன்று. அதே பயல் பிள்ளையார் சதுர்த்தி அன்று காலையில் எழுந்ததிலிருந்து கொழுக்கட்டை வாசனையிலேயே சுற்றிச் சுற்றி வருவான், ஒன்றைக்கூடத் தொடமாட்டான். பாட்டி கற்பூரம் காட்டி முடிக்கப் பன்னிரண்டு ஆகும். யாரும் மிரட்டுவதில்லை, பரிசு எதுவும் இல்லை. அஞ்சு நிமிஷம் சாக்லேட்டுக்குப் பொறுக்காதவன் மூணு மணி நேரம் கொழுக்கட்டைக்குப் பொறுக்கிறான். ஏனென்றால் அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கற்பூரத்துக்குப் பிறகு கொழுக்கட்டை வராமல் இருந்ததே இல்லை. வீட்டில் எல்லோரும் பொறுத்துத்தான் சாப்பிடுகிறோம், பாட்டி உட்பட. ஜப்பானில் கியோட்டோ பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2022-ல் வந்த ஒரு ஆய்வில், எல்லோருக்கும் பரிமாறும்வரை பொறுத்துச் சாப்பிட்டுப் பழகிய ஜப்பான் பிள்ளைகள் தின்பண்டத்துக்கு அதிக நேரம் காத்திருந்தார்கள். உறைக்குள் இருந்த பரிசைப் பிரிக்கக் காத்திருப்பதில் அமெரிக்கப் பிள்ளைகள் ஜெயித்தார்கள், அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பழக்கம். ஆக, சுயக்கட்டுப்பாடு என்பது சில பிள்ளைகளின் ரத்தத்திலேயே இருக்கிற ஏதோ ஒரு சரக்கு, நம்மிடம் இருப்பவனுக்கு அது இல்லை என்று நாம் தலையில் அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எங்களுக்குக் கட்டுப்பாடு என்றால் என்ன? கிளாஸ் லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது. ரொம்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. (லீடருக்கு முறுக்கு கொடுத்தால் பெயர் அழிந்துவிடும். இது என் காலத்திலிருந்து மாறவே இல்லை.) 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அன்றைக்கே பிள்ளைகள் கெட்டுப்போனார்கள், அடியாத மாடு படியாது என்று ஆசிரியர் அறையில் இன்னமும் ஒரு கோஷ்டி பேசிக்கொண்டிருக்கிறது. அடித்த காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? வாத்தியார் வராந்தா தாண்டும்வரைதான் அமைதி. அடங்கியிருந்தது பிரம்புக்கு, அதை வைத்திருந்தவரோடு அதுவும் கிளம்பிப் போய்விடும்.

என் அண்ணன் பையன் இரண்டு வருடம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படித்தான். காலை நாலரைக்கு விசில், ராத்திரி பத்தரைக்கு விளக்கணைப்பு. குளிக்க, சாப்பிட, படிக்க எல்லாவற்றுக்கும் மணி. போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நல்ல மார்க்தான். கல்லூரி முதல் வருடத்தில் ஆறு அரியர். விடிய விடிய போன், பகலெல்லாம் தூக்கம். 'இவ்வளவு டிசிப்ளினா வளர்த்த பிள்ளை' என்று அண்ணி அழுகிறாள். அவனிடம் கேட்டேன். "அத்தை, எப்ப எந்திரிக்கணும்னு எனக்கு நானே முடிவு பண்ணினதே இல்ல, இப்ப திடீர்னு எல்லாத்தையும் நானே பண்ணணும்னா?" என்றான். நானும்தான் அந்தப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி அண்ணனுக்குச் சிபாரிசு செய்தேன், மறைக்க விரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்போ கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுக்கணுமா டீச்சர் என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள், தெரியும். இல்லை. 'முடியாது' என்று சொல்வதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, முடியாது என்பது நேர்மையான வார்த்தை. இந்தப் 'பார்க்கலாம்' தான் விஷம். பரீட்சை முடிந்ததும் போன் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, முடிந்த அன்று 'மார்க் வரட்டும்' என்கிறோமே, அதுவும்தான். இப்போது எங்கள் வீட்டில் வாக்குக் கொடுத்தால் தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே எழுதிவிடுவது. முடியாமல் போகும்போல இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுவது. சைக்கிள் வாங்கியாயிற்று, பழசுதான், 1,800 ரூபாய். பயல் இன்னும் முழுசாக நம்பவில்லை. 'பார்க்கலாம்' என்று அவன் அப்பா வாயெடுத்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் காலண்டரைக் கழற்றுகிறான்.

விழாவை முடிக்கவில்லையே. எல்லாம் முடிந்ததும் லட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். பின்னால் இருந்த என் வகுப்புக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. "நாளைக்குக் கண்டிப்பா தருவாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் கேட்டார்கள், அதற்கு மறுநாள் நாலைந்து பேர் கேட்டார்கள், அப்புறம் யாருமே கேட்கவில்லை. அந்தக் கேட்காததுதான் என்னை என்னமோ செய்தது. போன திங்கட்கிழமை 43 லட்டு வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியைப் பிரித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மிஸ், இன்னைக்கு உங்க பர்த்டேவா?"