மாட்டியும் பிடிக்காத பெல்ட்

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பின்னிருக்கை சீட் பெல்ட் பிடிக்காததால் நானும் அம்மாவும் வாடகைக் காரை விட்டு இறங்கினோம். அதை எழுதியதற்கு வந்த அறிவுரைகளால்தான் மறுபடியும் எழுதுகிறேன். "ஒரு பெல்ட்டுக்காகவா இவ்வளவு ரகளை?" என்று கேட்டிருக்கிறார்கள், அதிலும் உறவுக்காரர்களே.

அந்தக் காரில் பெல்ட் இருந்தது. கொக்கியும் உள்ளே போனது. ஆனால் 'டக்' என்ற சத்தம் வரவில்லை, லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மூன்று முறை மாட்டினேன், மூன்று முறையும் வந்தது. "சும்மா மேலே போட்டுக்கொள்ளுங்கள், போலீஸுக்குத் தெரியாது" என்றார் ஓட்டுநர். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய பெல்ட், போலீஸுக்குக் காட்டத்தானா?

பெல்ட் இல்லையென்றால் இல்லை என்றாவது தெரியும். பழுதான பெல்ட் நம்பவைத்துக் கழுத்தை அறுக்கும். 2014இல் புனே விரைவுச் சாலையில் என் தம்பி பெல்ட் போட்டுக்கொண்டுதான் முன்னிருக்கையில் இருந்தான். திடீரென்று பிரேக் போட்டபோது இறுகிப் பிடித்திருக்க வேண்டிய பட்டை, நூல்கண்டு போல உருண்டு வந்துவிட்டது. புருவத்தில் ஏழு தையல். மருத்துவமனையில் எல்லோரும் அவனிடம் கேட்டது, "பெல்ட் போடவில்லையா?" என்பதுதான். அந்தக் கேள்வி இன்றைக்கும் அவனுக்கு வலிக்கிறது, எனக்கும்தான்.

கொக்கியெல்லாம் கெடுமா என்பவர்களுக்கு: 1995இல் அமெரிக்காவில் டகாடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெல்ட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கொக்கியைக் கழற்றும் பொத்தானின் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கி, அந்தத் துணுக்குகள் உள்ளே விழுந்து, பூட்டு சரியாகப் பிடிக்காமல் போனதே காரணம். நம் ஊர் வாடகைக் கார்களிலோ பின்னிருக்கைப் பூட்டு பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில், பிஸ்கட் தூளுக்கும் மணலுக்கும் நடுவே புதைந்து கிடக்கிறது.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் அருகே பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் பயணித்த டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்த பிறகு, அந்த நவம்பரிலிருந்து காரில் உள்ள எல்லோரும் பெல்ட் அணிய வேண்டும் என்று மும்பை போலீஸ் கண்டிப்புக் காட்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. நல்லதுதான். அணியச் சொல்லும் நாம், அது பிடிக்கிறதா என்று பார்க்கிறோமா? வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்கும்போது பின்னிருக்கைக் கொக்கியை ஒருவராவது இழுத்துப் பார்த்திருந்தால் அம்மா நடுவழியில் இறங்கியிருக்க வேண்டாம்.

ஓட்டுநர் பாவம், வண்டி அவருடையதல்ல என்கிறீர்கள். இருக்கலாம், அதனால்தான் அவரைத் திட்டாமல் முழு வாடகையையும் கொடுத்துவிட்டு இறங்கினேன். என் கோபம் வண்டிக்குச் சொந்தக்காரர் மீது. அந்தக் காலத்தில் அம்பாசடரில் பெல்ட் இல்லாமலே ஏழு பேர் போனோம் என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உயிரோடு வீடு திரும்பாதவர்கள் இங்கே வந்து எழுத முடியாது.

அம்மா மட்டும் என்னை எதுவும் கேட்கவில்லை. நேற்று சயானில் வேறொரு காரில் ஏறியதும், நான் சொல்வதற்கு முன்பே கொக்கியை மாட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.