ரோலர் கோஸ்டரும் மரபுச் சொத்துதான்

பழைய கடைவீடு ஒன்றை இடித்தால் நம் ஆட்கள் கோபப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவை மூடும்போது அதிலிருந்த ரோலர் கோஸ்டருக்காக யாரும் வாய் திறப்பதில்லை. மூன்று தலைமுறை ஏறி அலறிய ஓர் இயந்திரத்தை வெறும் பழைய இரும்பாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கனடாவில் ஈரி ஏரிக் கரையில் கிரிஸ்டல் பீச் என்று ஒரு பூங்கா இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகரம், அங்கிருந்து சனங்கள் கப்பலேறி வருவார்கள். 1927-இல் ஹாரி டிராவர் அங்கே சைக்ளோன் என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டினார். கொஞ்ச தூரமாவது நேராக ஓடுமா என்றால் ஓடாது, வளைவுக்கு மேல் வளைவு, முறுக்கோ முறுக்கு. இறங்குகிறவர்கள் மயங்கி விழுவார்கள் என்று மேடையிலேயே ஒரு நர்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1938-இல் ஓர் உயிரும் போனது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, ஏறத்தான் ஆள் குறைந்துகொண்டே வந்தது. அவ்வளவு முறுக்கினால் தண்டவாளம் என்ன ஆகும், பழுதுபார்க்கும் செலவும் ஏறியது. 1946-ஓடு நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பிரித்த இரும்பை எடைக்குப் போடவில்லை. அதைப் பயன்படுத்தியே, ஹெர்பர்ட் ஷ்மெக் வடிவமைப்பில், பிலடெல்ஃபியா டொபாகன் கம்பெனி 1948-இல் காமெட் என்ற புதிய ரோலர் கோஸ்டரை எழுப்பியது. இரும்புச் சட்டம், மேலே மரத்தாலான தண்டவாளம், 95 அடி உயரம், 4,000 அடிக்கும் அதிகமான நீளம், ஏரியை ஒட்டியே ஓட்டம். சைக்ளோன் ஆளைப் பிழிந்தது. காமெட் ஒவ்வொரு மேட்டிலும் உடம்பை இருக்கையிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டு இறக்கியது. குடும்பத்தோடு திரும்பத் திரும்ப ஏறினார்கள்.

1989-இல் பூங்காவே மூடப்பட்டது. ஏலத்தில் சார்லஸ் உட் என்பவர் காமெட்டை வாங்கினார். பிரித்தெடுத்து, சில ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, 1994-இல் நியூயார்க் மாநிலத்தில் லேக் ஜார்ஜ் பக்கத்திலுள்ள கிரேட் எஸ்கேப் பூங்காவில் மறுபடியும் ஓடவிட்டார். கிரிஸ்டல் பீச்சில் இப்போது வீடுகள்தான் நிற்கின்றன. நிலம் கைமாறினாலும் அந்த இரும்பு பிழைத்தது, காரணம் ஒருவர் பணம் போட்டு வாங்கினார்.

சரி, நம் மலேசியாவுக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்த பிபி பார்க் என்ற பொழுதுபோக்குப் பூங்காவை நாம் 1970களில் இழந்தோம். அந்த இடத்தில் சுங்கை வாங் பிளாசா என்ற வணிக வளாகம் வந்தது, இன்று அங்கே கைபேசி வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அது பூங்காவாக இருந்த கதையே தெரியாது. கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடப்பட்டது, 2022 பிப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற புதிய பூங்கா திறந்தது. புதிது வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பனிக்குள் பழைய பூங்காவின் கார்க்ஸ்க்ரூ ரோலர் கோஸ்டரில் தலைகீழாகப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! தோட்டத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த குடும்பங்கள், தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாவில் ஸ்வெட்டரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள், ஏற மாட்டேன் என்று கீழே பைகளைக் காவல் காத்த அம்மாக்கள். நம் வீட்டுச் சரித்திரத்தில் இதற்கும் இடம் உண்டு.

பழைய ரோலர் கோஸ்டரை ஓட்டிக்கொண்டே இருப்பது பெரும் செலவு, பாதுகாப்பும் முக்கியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் ஓட்டச் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களுக்கு மட்டுமல்ல, பொருட்களுக்கும் பொருந்தும். ஒரு பூங்கா மூடப்படும்போது ஒரு பெட்டியையும் சில அடித் தண்டவாளத்தையும் வரைபடங்களையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு நடைமுறை வந்தாலே போதும். இதற்குக் கோடிக்கணக்கில் வெள்ளி தேவையில்லை, மூடும் நாளுக்கு முன்பே யாராவது எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் ஆல்பத்தில் பழைய பூங்காப் படங்கள் வைத்திருப்பவர்கள், பின்பக்கம் ஆண்டையும் படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதையும் இந்த வாரமே எழுதிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.