தன்னார்வலராக உளவியல் பட்டம் வேண்டுமா?

தற்கொலைத் தடுப்பு அமைப்பில் சேர உளவியல் பட்டம் கட்டாயம், பட்டம் இல்லாதவர்கள் தற்கொலை பற்றிப் பேச்செடுத்தால் இல்லாத எண்ணத்தையும் விதைத்துவிடுவார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் ‘சமாரிட்டன்ஸ்’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். உதவி தேடி வந்து அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள்தான். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியே பலர் ஆறுதல் அடைந்தார்கள். பிறகு அந்தப் பொறுப்பையே அவர் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார்.

சரி, பயிற்சி வேண்டாமா? வேண்டும். அதைப் பொதுவாக அமைப்பே தரும். குறுக்கிடாமல் கேட்பது, அறிவுரையை அடக்கிக்கொள்வது (நம்மில் பலருக்கு இதுதான் சிரமம்), ஆபத்து தெரிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரும். சிகிச்சை தருவது அவர்கள் வேலை அல்ல.

அப்புறம், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால்தான் பயிற்சியில் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கப் பழக்குகிறார்கள்.