லைவ் அல்பத்தில் களைப்பும் கேட்கவேண்டும்

லைவ் அல்பம், அதாவது மேடைக் கச்சேரியில் பதிவான அல்பம், என்றால் ஸ்ரூடியோப் பாட்டுக்குக் கைதட்டலைப் பூசி விற்பது என்று கிளிநொச்சியில் என்னுடைய கூட்டாளிகள் சிலர் இப்பவும் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பிரித்தானிய ஹெவி மெற்றல் குழுவான அயர்ன் மெய்டனின் ‘லைவ் ஆஃப்டர் டெத்’தை நல்ல ஹெட்போன் போட்டு, வேறு வேலை பார்க்காமல், ஒருக்கால் முழுதாகக் கேளுங்கள்.

1985 இல் வந்த அல்பம் அது. பெரும்பகுதி அந்த ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் லோங் பீச் அரங்கில் பதிவானது. குழு அப்போது போய்க்கொண்டிருந்த கச்சேரிச் சுற்றுப்பயணமோ 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி அடுத்த யூலை வரை இழுபட்டது. ஆக, அதில் பாடுவது ஏழெட்டு மாதமாக ஊர் ஊராகக் கத்திய தொண்டை. பாடகர் புரூஸ் டிக்கின்சனின் குரல் ஸ்ரூடியோவில் இருந்ததைவிடக் கரகரக்கிறது. எனக்கு அந்தக் கரகரப்புத்தான் வேண்டும். ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற இன்னொரு மெற்றல் குழுவின் 1979 டோக்கியோ லைவ் அல்பத்தில் குரலைப் பிறகு ஸ்ரூடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்ததை அதன் பாடகர் ரொப் ஹல்போர்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். அருமையான குரல், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவில் பாடிய ஆள் அதில் இல்லையே!

கோயில் திருவிழாவில் நடுச்சாமம் தாண்டியும் மேளச்சமாவுக்கு முன்னால் குந்தியிருக்கிற எங்கள் சனத்துக்கு இப்படிக் கேட்கும் காது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு தவில்காரர் மாறிமாறி அடிக்கும்போது யாருடைய கை சோர்கிறது, யார் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுகிறார் என்று பெரிசுகள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். அதே காதை இந்த அல்பத்தின் ‘த ட்ரூப்பர்’ பாட்டின் பக்கம் திருப்புங்கள். ஸ்டீவ் ஹரிஸ் பேஸ் கிற்றாரை வெறும் விரலால்தான் வாசிக்கிறார். குதிரைப் பாய்ச்சல் மாதிரியான அந்தத் தாளத்தை, ஸ்ரூடியோவைவிட வேகமாக, விரல் எப்படித் தாங்குகிறது? பின்னால் நிக்கோ மக்பிரெய்ன் பேஸ் ட்ரம்மை ஒற்றைக் காலால் மிதிக்கிறார், இரட்டைப் பெடல் கிடையாது. இதெல்லாம் தெரிந்து கேட்டால் வெறும் சத்தம் என்று சொல்ல வாய் வராது.

அல்பத்தின் தொடக்கம்தான் எனக்குச் சிக்கல். சேர்ச்சிலின் 1940 யுத்தப் பேச்சு ஒலிக்கும், அரங்கம் ஆர்ப்பரிக்கும், உடனே ‘ஏசஸ் ஹை’. பிரித்தானிய யுத்த விமானி ஒருவன் தன் இருக்கையில் இருந்து பாடுகிற பாட்டு. வன்னியில் நாங்கள் விமானத்தைக் கீழே நின்று பார்த்தவர்கள், அதுவும் பங்கருக்கு ஓடுகிற அவசரத்தில். லோங் பீச் ரசிகனுக்கு மயிர்க்கூச்செறிகிற அந்த இடத்தில் எனக்கு வயிறு இறுகும். என்னோடு கேட்கிற ஒருவர் அந்தப் பாட்டை எப்போதும் தாண்டிவிடுவார். அவரிடம் நியாயம் கதைக்க நான் யார்? நான் தாண்டுவதில்லை. டேவ் மறேயும் ஏட்ரியன் ஸ்மித்தும் இரண்டு கிற்றாரையும் சேர்த்து அந்தப் பாட்டுக்குள் இறங்குகிற விதம் என்னை விடாது. வயிறு இறுகுவதும் ரசிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

சரி, புதிதாகக் கேட்பவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். ஆங்கிலக் கவிஞர் கொலரிட்ஜின் கடலோடிக் கவிதையை வைத்துக் கட்டிய ‘ரைம் ஒஃப் தி ஏன்சியன்ட் மரினர்’ என்ற பதின்மூன்று நிமிடப் பாட்டில் தொடங்குங்கள். நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மெல்ல நடக்கிற இடத்தில்தான் அரங்கின் அகலம் தெரியும். இன்னொன்று, பழைய ஒற்றைச் சீடியை வாங்கிவிடாதீர்கள். லண்டன் ஹமர்ஸ்மித்தில் பதிவான, இரட்டை இசைத்தட்டின் நாலாம் பக்கம் அதில் இல்லை. 1998 மறுவெளியீட்டில் அது இரண்டாவது சீடியாக இருக்கிறது.