கொங்கிரீட் போட முன்னரே அளப்பவர்கள்

கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர்களைப் பற்றிய ஒரு கட்டுரை படித்தேன். அவர்கள் கடைசியில் பில் சரிபார்ப்பவர்கள் என்ற தொனி அதில் தெரிகிறது. இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடியை சைட்டில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. கம்பி, சிமெந்து விலையைக் கேட்கவே வேண்டாம். பழைய விலையில் ஒப்பந்தம் போட்டவருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுப்பது நியாயம்? ஒப்பந்தத்தில் உள்ள விலை ஏற்ற இறக்கச் சூத்திரத்தை வைத்து அதற்குக் கணக்குப் போட்டவர்கள் இந்த சர்வேயர்கள்தான். ஒப்பந்தத்தில் அந்தச் சூத்திரத்துக்கான ஷரத்து இல்லாதவர் பாடு திண்டாட்டம்.

அப்புறம், அத்திவாரக் கம்பியைக் கொங்கிரீட் மூட முன்னரே இவர்கள் அளந்து எழுதிவிட வேண்டும். மூடிய பிறகு யார் சொல்வதை நம்புவது? மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைப் படித்த பிள்ளைகள் டுபாய், கட்டார் என்று வேலைக்குப் பறப்பதைப் பற்றியும் அந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.