மதில் நிலத்துக்கு மேலே மட்டும்தான்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் மரக்கன்றோடு படம் எடுத்துப் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. (யாழ்ப்பாணத்து வைகாசி வெயிலில் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்பேன். கார்த்திகையில் நட்டால் மழை பார்த்துக்கொள்ளும்.) ஆனால் பூமி கெட்டால் மனிதனும் கெடுவான் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு அமேசன் காடும் வடதுருவப் பனியும்தான் ஞாபகம் வருகின்றன. எங்கள் உடம்பைத் தாங்குகிற பூமியோ வீட்டுக் கிணற்றுக் கட்டில் நின்று எட்டிப் பார்த்தால் தெரிகிற ஆழத்தில் இருக்கிறது.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டு, வருடம் முழுக்க எங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறது. அந்த நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழிருக்கும் உவர் ஏறத்தாழ 40 அடி மேலே ஏறப் பார்க்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பொதுக் கணக்கு. துலாவும் பட்டையுமாக இறைத்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பும் நின்றது. மோட்டர் களைக்காது.

இனி வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அதைப் பார்த்துப் பயப்படாத வீடு இல்லை. சலத்தில் கல்லு வந்தாலும் அதன் தலையில்தான் பழி. தண்ணீர் வடிக்கிற பில்டர் விற்கிறவரும் அதைக் காட்டித்தான் விற்கிறார். அது சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரிகிறது, சுரண்டினால் போகிறது. அதே தண்ணீரில் கரைந்து கிடக்கிற நைத்திரேற்று என்ற உப்பு அப்படி இல்லை. நிறமில்லை, மணமில்லை, வாயில் வைத்தால் ருசியும் மாறாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சத் தண்ணீரில் இன்னும் செறியும். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்" என்று பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற தாய்மாரிடம் இதை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அது கூடினால் இரத்தத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு தோட்டத்திலிருந்து. செம்மண் தடிப்பில்லாத மண். வெங்காயத்தின் வேர் மேலோடு நிற்கிறது. யூரியாவைப் போட்டு, பாத்தி நிரம்ப இறைத்தால் வேர் குடித்தது போக மிச்சம் நேரே கல்லுக்குள் இறங்கும். இதைத் தோட்டக்காரர் ஒருவரிடம் சொன்னேன். "தம்பி, வெங்காயம் பெருக்காட்டி யாவாரி தோட்டத்துக்கை காலும் வைக்கமாட்டான்" என்றார். சந்தையில் பருமன் பார்த்துப் பொறுக்குகிற எங்களுக்கும் அதில் பங்குண்டு. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தி விவசாயியின் வயிற்றில் அடித்த கூத்தையும் பார்த்துவிட்டோம். ஆகவே அவரை நோக்கி விரல் நீட்ட நான் தயாரில்லை. மண்ணைச் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடு, இறைப்பை அளந்து இறை என்று வரம்பில் நின்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

மற்றப் பங்கு எங்கள் வீட்டு வளவுகளிலிருந்து. இதைப் பற்றி யாரும் பதிவு போடமாட்டார்கள். அடிக்குக் கொங்கிரீட் போடாத மலக்குழி. "எங்கட குழி கட்டின நாளிலயிருந்து நிரம்பவேயில்லை" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிரம்பாத குழியில் போட்டதெல்லாம் எங்கே போயிற்று? பரப்புக் காணியை இரண்டாகப் பிரித்து, நடுவில் மதில் கட்டி, இந்தப் பக்கம் கிணறும் அந்தப் பக்கம் குழியுமாக வீடு எழும்புகிறது. பழைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதுவார்கள். எல்லாருக்கும் உரிய தண்ணீர் என்று தெரிந்த ஆட்கள் எழுதிய உறுதி அது. இப்போது வளவுக்கொரு கிணறு வந்துவிட்டது, கீழே கல்லும் தண்ணீரும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. ஆளில்லாத வெளிநாட்டுக்காரர் வளவுகளில் கிணறே குப்பைக் கிடங்கு: பம்பர்ஸ், போத்தில், செத்த நாய்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊர் கொதித்தது. மணந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அந்த எண்ணெய்க்குக் காரணமான மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. அங்கே எதிராளி என்று காட்ட ஒருவர் இருந்தார். நைத்திரேற்றுக்கு வழக்குப் போட்டால் வழக்காளியும் எதிராளியும் நாங்கள்தான்.

குடாநாட்டின் கிழக்குக் கரையில், தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீர்ப் பவுசருக்காகக் குடத்தோடு காத்துநின்ற சனத்தைப் பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் காசு வேண்டும். வெங்காயமும் மாடும் அந்தக் குழாயில் வாழப்போவதில்லை. குழாய் வந்துவிட்டதுதானே என்று கிணற்றைக் கைவிடுகிற நாளில் மரக்கறி, பால், குளிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தே கைவிடுகிறோம். இதற்குள் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கேட்டு மகஜர் கொடுக்கிறோம். கேட்கத்தான் வேண்டும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பக்கத்து வளவுக் கிணறு எவ்வளவு தூரம், குழிக்கு அடி இருக்கிறதா என்று நேரில் வந்து அளக்கும்படி பிரதேச சபையிடம் யாராவது மகஜர் கொடுத்ததுண்டா?

பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டார் மாரிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பியுங்கள்; நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் குழியைப் பற்றிக் கதைத்தால் முகம் முறியும் என்று பயப்படுகிறவர்கள் முதலில் தங்கள் குழியைத் திறந்து அடியைப் பார்க்கட்டும். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் கூப்பிடலாம்.